தாய்க்கோழியின் ஸ்தானத்தில்

(சிறு விவசாயிகளும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சிறிய அளவில் ஒரு கோழிப்பண்ணையை ஆரம்பித்து நடத்துவது எப்படி என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கொட்டகையின் நீள அகலம் என்ன, எந்த இனத்தை வாங்கலாம், வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற கேள்விகளே இத்தகைய கூட்டங்களில் முதலில் எழுவது வழக்கம். அவை அவசியமான கேள்விகள்தாம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவற்றுக்கெல்லாம் முன்பாக யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு என்பதும், அதை யோசியாமல் ஆரம்பித்த பண்ணைகளே ஓராண்டு ஈராண்டுக்குள் வெறுங்கொட்டகைகளாக நின்றுபோகின்றன என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். ஆகையால் அந்த விஷயத்திலிருந்தே தொடங்குவதற்கு உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

கோழி நமக்குப் புதிய ஜீவன் அன்று. வடகிழக்கு இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரையில் காடுகளில் இன்றும் திரிகின்ற செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழிக்கு மூதாதை என்று டார்வின் கருதினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கருத்தைப் பெரும்பாலும் உறுதி செய்ததோடு, கோழிகளின் தோலிலும் காலிலும் காணும் மஞ்சள் நிறத்தைத் தந்தது தென்னிந்தியாவின் மலைச்சரிவுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி என்பதையும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முருகப்பெருமானின் கொடியில் ஏறிய பறவை அது. சோழர்களின் பழைய தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. விழுப்புரம் ஜில்லாவில் அரசலாபுரம் என்னும் ஊரில், சண்டைச்சேவல் ஒன்றின் நினைவாக முன்னோர் எழுத்துப் பொறித்து எடுத்த நடுகல்லே கிடைத்திருக்கிறது. இத்தனை நெருக்கமும் இத்தனை மரியாதையும் இருந்தும், கோழியை வளர்ப்பது அறிவையும் உழைப்பையும் செலுத்தவேண்டிய ஒரு தொழில் என்ற எண்ணம் மட்டும் நம் கிராமங்களில் வேரூன்றவில்லை. எந்த ஊரில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும், "கோழிக்கு என்ன தம்பி, குப்பையைக் கிளறிப் பொழைச்சுக்கும்" என்ற விடையே கிடைக்கிறது. அந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் குப்பையைக் கிளறிப் பிழைக்கும் வித்தையை ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு தாய் கற்றுக்கொடுத்திருக்கிறாள் என்பதை அந்தப் பாட்டி சொல்லாமல் விட்டுவிடுகிறாள்.

அந்தத் தாய் செய்யும் காரியங்களைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். நம்முடைய நாட்டுப்பெட்டை ஆறேழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கி, பன்னிரண்டோ பதினைந்தோ இட்டதும் அடைக்கு உட்காருகிறது. 21 நாட்கள், ஆகாரத்துக்கும் ஜலத்துக்குமாகச் சற்றே எழுந்து போவது தவிர, அது கூட்டைவிட்டு அகலுவதில்லை. வயிற்றின் கீழேயிருக்கும் முட்டைகளை நாள்தோறும் பலமுறை அலகால் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவிலும் நடுவில் இருப்பதை ஓரத்திலுமாக மாற்றி வைக்கிறது. அவ்வாறு புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு மடிந்துபோகும். குஞ்சு பொரித்தபின் அதன் வேலை குறைவதில்லை, பெருகுகிறது. குளிர்ந்த வேளையில் இறக்கைக்குள் அணைத்துக்கொள்கிறது. மண்ணைக் கிளறி, புழுவையும் தானியத்தையும் காட்டி, 'இதைத் தின்னலாம்' என்று ஒரு தனிக்குரலால் அழைக்கிறது. பருந்தின் நிழல் தரையில் விழுந்த மாத்திரத்தில் வேறொரு குரலால் எச்சரிக்கிறது. இவை மூன்றும் கண்ணால் காணக்கூடியவை. நான்காவதாக, கண்ணுக்குத் தெரியாத சீதனம் ஒன்றையும் அது தருகிறது. தன் உடம்பில் எந்த வியாதிகளை எதிர்க்கும் சக்தி உண்டோ அந்தச் சக்தியில் ஒரு பங்கை மஞ்சட்கருவின் வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்தனுப்புகிறது. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சைக் காப்பது பெரும்பாலும் அந்தப் பங்குதான்.

நாம் பொரிப்பகத்திலிருந்து நூறு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வருகிறோம். அந்த நூறும் தாயைக் கண்டறியாத குழந்தைகள். சூடு தந்து, இரை காட்டி, காவல் புரிந்து, நோய்க்கு அரண் செய்ய அவற்றுக்கு யாருமில்லை. பண்ணை ஆரம்பிப்பது என்று நாம் சொல்லுவதன் பொருள், அந்தத் தாயின் ஸ்தானத்தை நாம் ஏற்றுக்கொள்ளுகிறோம் என்பதே ஒழிய வேறில்லை. கொட்டகை, கடன், சந்தை எல்லாம் பிற்பாடு. இந்த ஸ்தானத்தை முதல் முப்பது நாட்களுக்கு இரவும் பகலும் வகிப்பதற்கு வீட்டில் ஒருவர் உண்டா என்பதே முன்பாக யோசிக்கவேண்டிய விஷயம் என்று நான் குறிப்பிட்டது. அப்படி ஒருவர் உண்டு என்ற வீட்டில் முதல் குறைவானாலும் பண்ணை நிலைக்கும். இல்லை என்ற வீட்டில் எவ்வளவு மானியம் வந்தாலும் நிலைக்காது.

முதலாவதாகச் சூட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறேன், ஏனென்றால் குஞ்சுகள் அதிகமாக மடிவது இங்கேதான். பிறந்த குஞ்சின் மேலே இருப்பது மென்தூவியே அன்றி இறகு அன்று. தன் உடம்பின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறமை அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் சரிவர ஏற்படுவதில்லை. ஆகவே முதல் வாரத்தில் பாரன்ஹீட் கணக்கில் 95 டிகிரி உஷ்ணமும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்தும் கொடுத்துவர வேண்டும். 'நம் ஊர் வெயிலுக்குச் செயற்கைச் சூடு வேறு எதற்கு' என்று கேட்பவர்கள், கார்த்திகை மார்கழியின் பின்னிரவையும் ஐப்பசி மழையின் ஈரக்காற்றையும் மறந்துவிடுகிறார்கள். கோடையில் மூன்றாவது வாரத்திலேயே விளக்கை அணைத்துவிடலாம் என்பது உண்மை; குளிர்காலத்தில் நான்கு வாரமும் வேண்டும்.

ஏற்பாடு எளியதுதான். தகரத்தாலோ, அட்டையாலோ, மூங்கில் தட்டியாலோ ஒன்றரை அடி உயரத்தில் வட்டமாக ஒரு தடுப்பு அமையுங்கள். வட்டம் என்பது முக்கியம். மூலை இருக்குமானால் குளிர்ந்த இரவில் குஞ்சுகள் அந்த மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டி இறந்துபோகும். தரையில் நெல் உமியை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, முதல் சில நாட்களுக்கு அதன்மேல் செய்தித்தாளை விரித்து வையுங்கள். உமியை இரையென்று நினைத்துக் குஞ்சுகள் கொத்தித் தின்றுவிடாமல் இருக்கும். குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் வீதம் கணக்கிட்டு மின்விளக்குகளைத் தொங்கவிடுங்கள். அந்த விளக்கு குஞ்சுப்பெட்டி வந்து இறங்கியபிறகு ஏற்றுவதற்கு உரியதன்று. சில மணி நேரம் முன்னரே ஏற்றி, உமியும் தரையும் வெதுவெதுப்பாக இருக்கும்போது குஞ்சுகளை இறக்க வேண்டும். மின்சாரம் நின்றுபோகும் இரவுக்காக, கரிக் கங்கு இட்ட மண்பானை ஒன்றை, புகை அடங்கியபின், குஞ்சுகள் நெருங்கிச் சுட்டுக்கொள்ளாதபடி மறைப்போடு தயாராக வைத்திருப்பது விவேகம்.

உஷ்ணமானி வாங்குங்கள், ஆனால் அதைவிட நம்பகமான சாட்சி அந்தக் குஞ்சுகளே. விளக்கின் அடியில் எல்லாம் ஒடுங்கிக் கிடந்து கீச்சிடுமானால் சூடு போதவில்லை. விளக்கைவிட்டு விலகித் தடுப்போரத்தில் வாய்திறந்து இறைக்குமானால் சூடு மிகுந்துவிட்டது. ஒரே பக்கத்தில் ஒதுங்குமானால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று பாய்கிறது. வட்டம் முழுவதும் சமமாகப் பரவி, சில தின்பதும் சில உறங்குவதுமாக இருந்தால் மட்டுமே நாம் சென்று படுக்கலாம். இந்த நான்கு காட்சிகளையும் பிரித்தறிவதற்குப் படிப்பு வேண்டியதில்லை, பார்வை வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒருமுறையும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒருமுறையும் எழுந்துபோய்ப் பார்க்கிற வீட்டில் எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்பதையும், ராப்பொழுது முழுவதும் கதவைப் பூட்டிவைத்த வீட்டில் எத்தனை பிழைக்கிறது என்பதையும் ஒரே தெருவில் பார்த்தாலே என் சொல்லின் உண்மை விளங்கும். அந்த நேரத்தில் எழுந்து செல்பவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகளே. இருந்தும் கடன் பத்திரமும் விற்ற பணமும் புருஷர்களின் பெயரிலேயே இருந்துவருவது நியாயமன்று என்று இந்தச் சபையில் வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாவது, இரை. குஞ்சு வந்து சேர்ந்தவுடன் முதலில் தரவேண்டியது ஜலம். அதில் சிறிது வெல்லம் கரைத்துக் கொடுத்தால் பிரயாண அலுப்புத் தீரும். நாலைந்து குஞ்சுகளின் அலகை நாமே மெல்ல நீரில் தோய்த்துவிட்டால் மற்றவை பார்த்துப் பழகிக்கொள்ளும். தாய் செய்திருக்கவேண்டிய காரியங்களில் இதுவும் ஒன்று. தீவனத்தில் முதல் எட்டு வாரங்களுக்கு நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு புரதம் இருக்கவேண்டும். சோறும் நொய்யும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு வளராது. இதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் பெரிபெரி என்னும் வியாதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சிசாலைக் கோழிகள், ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோற்றைத் தின்றுவந்த காலத்தில் கால் விளங்காமல் விழுந்தன. தவிடு நீக்காத அரிசியைத் தின்றபோது எழுந்து நடந்தன. தீட்டிய அரிசியில் இல்லாத ஏதோ ஒரு சத்து தவிட்டில் உண்டு என்ற அந்த வழியிலேதான் பிற்பாடு வைட்டமின்களைப் பற்றிய ஞானம் உலகத்துக்குக் கிடைத்தது. 1929-இல் நோபல் பரிசில் ஒரு பாகம் அவருக்கு வழங்கப்பட்டது. அன்று ஜாவாவின் கோழிகள் மனித ஜாதிக்குக் கற்பித்த பாடத்தை நாம் கோழிக்கே மறுப்பது எவ்வளவு பொருந்தாத காரியம்!

பண்ணையின் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனத்துக்கே போய்விடுகிறது. ஆகையால் மக்காச்சோளம், கம்பு, சோளம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு, கருவாட்டுத்தூள், கிளிஞ்சல், தாதுஉப்புக் கலவை ஆகியவற்றை வாங்கி வீட்டிலேயே அரைத்துக் கலந்துகொள்வது லாபமே. ஆனால் ஓர் எச்சரிக்கை. பூஞ்சை பிடித்த தானியத்தையும் பிண்ணாக்கையும் மலிவு என்று கருதி வாங்காதீர்கள். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டுபோயின. ஆராய்ந்து பார்த்தபோது, தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் விஷமே காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று சொல்லுகிறோமே, அந்த விஷத்தை உலகம் அறிந்தது அப்போதுதான். அது ஈரலைக் கெடுக்கும். குஞ்சு உடனே சாகாவிட்டாலும் எடை கூடாது, தடுப்பு மருந்தும் அதற்குச் சரியாகப் பலிக்காது. நன்றாகக் காய்ந்த தானியத்தை, தரையில் நேரே வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கிவைப்பதற்கு ஒரு காசு செலவில்லை.

மேய்ச்சலுக்கு இடம் உள்ளவர்கள் பழைய முறைகளையும் கைவிட வேண்டாம். உடைந்த மண்பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத்துண்டு இவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் குஞ்சுகளுக்கு உயர்ந்த புரத ஆகாரம் தயாராக இருக்கும். தொட்டியில் அசோலா வளர்ப்பதும் நல்லதே. இவை தீவனத்தைக் குறைக்க உதவுமே ஒழிய, தீவனத்துக்குப் பதிலாகிவிடமாட்டா.

மூன்றாவது, காவல். அதற்குரிய கொட்டகையைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் உள்ளே புகாது. அகலம் 20, 25 அடிக்கு மேல் வேண்டாம். பக்கச்சுவர் ஓர் அடிக்கு. அதற்கு மேல் கம்பிவலை. பாம்பும் பெருச்சாளியும் கீரியும் நுழையாதபடி வலைக்கண் சிறிதாக இருக்கவேண்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் போதும். கூரை ஓலையா ஓடா என்பது உங்கள் வசதி. தரைக்கூளம் ஈரமாவதற்கு மட்டும் ஒருநாளும் இடம் கொடுக்காதீர்கள். ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து அழுத்திப் பார்த்தால் உதிர்ந்துவிட வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. இரத்தக்கழிச்சல் நோயின் வித்துக்கள் பக்குவமடைவது அந்த ஈரத்திலேதான். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளி, மீதியைக் கிளறிவிட்டுச் சுண்ணாம்புத்தூளைத் தூவினால் பாதி வைத்தியம் முடிந்தது. அள்ளிய கூளம் தென்னைக்கும் வாழைக்கும் உயர்ந்த எருவாகும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சிறைத்தே உடம்பை ஆற்றிக்கொள்ளவேண்டும் என்பதால், கத்திரி வெயில் நாட்களில் நண்பகலில் தீவனத்தை நிறுத்தி, குளிர்ந்த நீரைத் தாராளமாக வைத்து, பக்கங்களில் நனைந்த சாக்கைத் தொங்கவிடுவதையும் மறக்கலாகாது.

இனி, நான்காவது கடமைக்கு வருகிறேன். நம் கிராமத்துக் கோழிகளை வாரிக்கொண்டு போகும் வியாதி வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும், அடுத்த ஆண்டில் நம் இமயமலைச் சாரலில் ராணிகேத் என்னும் ஊரிலும் கண்டறியப்பட்டதால் ராணிகேத் என்றும் நியூகாசில் என்றும் இரு பெயர்களால் வழங்குவது அது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, தலை முறுக்கி, சிறகு தொங்கி, ஒரு தெருவின் கோழிகள் அனைத்தும் ஒரு வாரத்தில் மாண்டுபோவதை இங்கே இருக்கும் மூதாட்டிகள் பார்த்திருப்பார்கள். அந்த வியாதி வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. இந்த வாக்கியத்தை மறுபடியும் சொல்லுகிறேன், வந்தபின் மருந்து கிடையாது. கீழாநெல்லியும் மஞ்சளும் மிளகும் சின்னவெங்காயமும் கோழிக்குத் தெம்பூட்டக் கூடும். அவற்றை நான் இகழவில்லை. ஆனால் அவை இந்த வைரஸைக் கொல்லும் என்று நம்பி, வருமுன் காக்கும் மருந்தைத் தள்ளிவைத்தால் இழப்பது நூறு உயிர்களை.

வருமுன் காக்கும் அந்த மருந்தின் வரலாற்றிலும் கோழிக்கு ஒரு பெருமை உண்டு. 1879-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்ஸில் லூயி பாஸ்டர், கோழிக்காலராவின் கிருமியை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், நாட்பட்டு வலிமை குன்றிய கிருமியைச் செலுத்திய கோழிகள் சிறிது நோயுற்றுப் பிழைத்ததோடு, பின்னர் வலிமையுள்ள கிருமியையும் தாங்கி நின்றதைக் கண்டார். ஆராய்ச்சிசாலையில் கிருமியை வலிவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கும் முறை அங்கிருந்து பிறந்தது. மனிதக் குழந்தைகளுக்கு இன்று அட்டவணை வைத்துத் தடுப்பு மருந்து கொடுக்கிறோம். அவ்வாறே குஞ்சுக்கும் அட்டவணை உண்டு. ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்காகக் கண்ணில் ஒரு சொட்டு, லசோட்டா அல்லது எஃப் வகை மருந்து. பதினான்காம் நாளையொட்டிக் கம்போரோ நோய்க்கு. நான்காவது வாரத்தில் லசோட்டாவை மீண்டும் ஒருமுறை. எட்டு வாரம் கடந்ததும் அதே வெள்ளைக்கழிச்சலுக்கு இறக்கைத் தோலின் கீழ் ஊசியாக ஆர்-டூ-பி. மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துவர வேண்டும். வெயிலில் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீரே. குடிநீரில் கலந்து கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்நீரை அன்று பயன்படுத்தலாகாது. நோயுற்ற கோழிக்குத் தடுப்பு மருந்து போடுவதும், செத்த கோழியை ஓடையில் எறிவதும், இவற்றைவிடக் கொடியதாக, வியாதி கண்டவுடன் மிஞ்சியவற்றை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் நம் அண்டை ஊரார்க்குச் செய்யும் துரோகம். செத்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு மந்தையில் சேருங்கள்.

எந்த இனம் என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இத்தாலியிலிருந்து வந்த வெள்ளை லெக்ஹார்ன் வழியில் பிறந்த கலப்பினப் பெட்டை ஆண்டில் 300 முட்டைக்கு மேல் இடுகிறது. நாட்டுப்பெட்டை இடுவது 60, 80 அளவே. ஆயின் முன்னதற்கு அடைகாக்கும் குணம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. அது முழுக்க முழுக்க மனிதனுடைய பொறுப்பில் வாழும் பறவை. நாமக்கல் ஜில்லாவின் பெரிய முட்டைப் பண்ணைகள் அந்தப் பறவையைக் கொண்டு நிகழ்த்தியிருப்பது மகத்தான சாதனை. 1982-இல் பி. வி. ராவ் அவர்களின் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்து, முட்டைக்கு வியாபாரி வைத்ததே விலை என்ற நிலையை மாற்றியது. 1989-இல் நம் பள்ளிக்கூடங்களின் சத்துணவில் முட்டை சேர்ந்தது. ஏழைக் குழந்தைகளின் தட்டில் இன்று பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை இருப்பதை நினைக்கும்போது என் உள்ளம் நிறைகிறது. ஆனால் பல்லாயிரம் கோழிகளை வைத்துக் காசுக்கணக்கில் லாபம் காணும் அந்தத் தொழிலில், நூறு கோழிகளோடு நாம் போட்டியிட முடியாது. பல்லடம், உடுமலைப் பக்கங்களில் கம்பெனியார் குஞ்சும் தீவனமும் தந்து, விவசாயி கொட்டகையும் உழைப்பும் தந்து, கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று நடைபெறும் கறிக்கோழி ஒப்பந்தமும் ஒரு வழியே; ஆனால் அதில் விவசாயி கூலி பெறுகிறாரே அன்றிப் பண்ணைக்குச் சொந்தக்காரராக விலை பேசுவதில்லை.

சிறு பண்ணைக்கு உரியவை நாட்டுக்கோழியும், அதன் சாயலும் உறுதியும் குன்றாமல் சற்று அதிகமாக முட்டையிடும்படி ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கிய இனங்களுமே. நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா ஆகியவற்றைச் சொல்லலாம். அசில் இனம் கறிக்குப் பெயர் பெற்றது, மெதுவாக வளரும், அதன் பெட்டை சிறந்த அடைக்கோழி. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதிக்குரிய கடக்நாத் கருங்கோழியும் நல்ல இனமே. ஆனால் அதன் கறியைப் பற்றிப் பரவும் அதிசயக் கதைகளை நம்பி, அதிக விலைக்குக் குஞ்சு வாங்கியவர்கள், அதே விலைக்கு விற்க இடமின்றித் திண்டாடியிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் ஈமுப் பறவையின் பெயரால் குடும்பங்கள் இழந்த சேமிப்பை நாம் மறக்கலாகாது. குஞ்சையும் தானே விற்று, வளர்ந்ததையும் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கறியைத் தின்பவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். விடை இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கு விஷயத்தில் ஓர் உதாரணம். குஞ்சு ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நூறு குஞ்சுக்கு 4,000 ரூபாய். முப்பது இறந்துபோனால் மிஞ்சிய எழுபதின் தலையில் குஞ்சுக்கு 57 ரூபாய் ஏறிவிடுகிறது. இறந்தவை தின்ற தீவனம் வேறு. விற்பனைச் சந்தையில் ஒரு ரூபாய் அதிகம் பெறப் பாடுபடுகிறோமே, அதைவிடப் பன்மடங்கு லாபநஷ்டம் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிடுகிறது. ஆகையால் ஐம்பது அல்லது நூறோடு ஆரம்பியுங்கள்; ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் இறந்தவை எத்தனை, தின்ற தீவனம் எவ்வளவு, குடித்த ஜலம் எவ்வளவு என்று எழுதிவாருங்கள். வியாதி கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் இரண்டு நாள் முன்பே தீவனமும் நீரும் குறைவதை அந்த நோட்டு காட்டிவிடும்.

விற்பனைக்குக் காலமும் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி விற்பனைக்குத் தயாராக நான்கு ஐந்து மாதம் ஆகும். புரட்டாசியில் நம் மக்களில் பலர் மாமிசம் தொடுவதில்லை. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். ஆகவே ஆனியில் குஞ்சு இறக்கினால் ஐப்பசியில், தீபாவளிக்குச் சரியாக வரும்; ஆடிமாதத்து அம்மன் கோயில் விழாக்களுக்கு விற்பதானால் பங்குனியில் இறக்க வேண்டும். மாதந்தோறும் ஒரு தொகுதி இறக்கி ஆண்டு முழுவதும் விற்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வருமானத்துக்கு அது நல்லதுதான். வியாதிக்கும் அது நல்லது என்பதே சங்கடம், ஏனென்றால் பெரிய கோழிகளிடமிருந்து குஞ்சுகளுக்கு நோய் இடைவிடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வாறு செய்வதானால் குஞ்சுக்கொட்டகையைத் தனியே, எட்ட அமைத்து, காலையில் முதலில் குஞ்சுகளைக் கவனித்துவிட்டுப் பிறகே பெரியவற்றிடம் செல்லுங்கள். பெரியவற்றிடமிருந்து திரும்பக் குஞ்சுகளிடம் போவதானால் கை கால் கழுவி, வேறு செருப்பு அணிந்து போங்கள்.

கடைசியாக, இந்த ஊர்க்காரர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து நூறு, இருநூறு கோழிகளுக்குப் போதுமான குப்பிகளில் அடைக்கப்பட்டு வருகிறது. கரைத்தபின் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் செலவழித்தாக வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் ஒரு தாயார் அதைத் தனியே வாங்கிப் போடுவது எப்படி? 1932 முதல் ராணிப்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்தில் நம் ராஜ்யத்துக்கென்று கால்நடைத் தடுப்பு மருந்துகள் தயாராகிவருகின்றன. கால்நடைத் துறையார் பிப்ரவரி மாதத்தில் இருவார முகாமும் நடத்திவருகிறார்கள். ஆனால் பிப்ரவரிக்குப் பின் பொரித்த குஞ்சுகளுக்கு அடுத்த பிப்ரவரி வரையில் காத்திருக்க ஆயுள் இராது. ஆகவே மகளிர் குழுவினர் தெருவாரியாக இன்ன வீட்டில் இத்தனை குஞ்சு, இத்தனை பெரிய கோழி என்று கணக்கெடுத்து, மாதத்தில் ஒரு நாளை எல்லோருமாகக் குறித்து, கால்நடை மருந்தகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அன்று சொட்டு மருந்தில் ஒரு குப்பியும் ஊசி மருந்தில் ஒரு குப்பியுமாக, ஒரு தெரு முழுவதற்கும் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டும், எட்டு வாரம் கடந்தவற்றுக்கு ஊசியும் முடிந்துவிடும். குறிக்கும் வேளை விடியற்காலையாக, கூடும் பஞ்சாரமும் திறப்பதற்கு முன்பாக இருக்கட்டும். பொழுது ஏறிவிட்டால் கோழிகள் மேய்ச்சலுக்குப் போய்விடும், பிறகு பிடிக்க முடியாது.